ஆயிரத்தெண்ணூறு ரூபாய்த் துப்பாக்கி

“இதுக்கா பாய், ஆயிரத்தெண்ணூறு ரூவா குடுத்தீங்க?”

பரமசிவன் மூன்றாவது தடவையாகக் கேட்டார். வயிற்றெரிச்சல்தான். அந்தப் பணத்துக்கு இரண்டு ஜோடி உழவு மாடு வாங்கிவிடலாமே.

சேக் மைதீனுக்குத் தென்காசியில் மரக்கடை. மெட்ராஸிலிருந்து வரவழைத்த சீமைத் துப்பாக்கி அது. மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தூரக்கண்ணாடி வேறு.

“மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. பன்னிக்குக் காது கூர்மை.”

மேலகரத்துக்கு மேற்கே, மலையடியில் பரமசிவனின் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம். இன்னும் சரியாக விடியவில்லை. குற்றாலத்துச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

நாலு நாளாக, காலையில் வந்து பார்த்தால் இரண்டு மூன்று செடியைத் தோண்டிக் கிழங்கு போயிருக்கிறது. இப்படியே போனால் ஆவணியில் மகள் கல்யாணத்துக்கு எங்கே போவது? நாலு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“மாடக்கண்ணு வச்சிருக்க நாட்டுத் துப்பாக்கி நூறு ரூவாகூடப் பெறாது. மூணு ரூவா கூலி குடுத்தா சாய்ச்சுப் போட்டுட்டுப் போயிருவான். நீங்க சும்மா வாரேன்னு சொன்னீங்களேன்னுதான்…”

மைதீன் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். “தங்கச்சி சந்தனமாரி எப்படி இருக்கு? மாப்பிள்ளை தவறி ஆறு மாசம் இருக்கும்லா?”

“இருக்கா, ரெண்டு பிள்ளையோட. காரியத்தன்னைக்கு ஒரு மூட்டை அரிசி எறக்கினேன். செவப்பு மையில எம்பேரு எழுதின மூட்டை, ஊரே பாத்துது. அதுக்கு மேல எந்த அண்ணன் செய்வான்?”

செடிகள் சலசலத்தன. பரமசிவன் மைதீனின் கையைப் பிடித்தார்.

“பாய், அங்கன.”

நூறு கெஜத்துக்கு அப்பால், செடிகளுக்கு நடுவே கருப்பாக ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நனைந்த முதுகு மட்டும் அசைந்தது.

மைதீன் தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார்.

“சுடுங்க பாய். போயிரப் போவுது.”

மைதீன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்னத்தப் பாக்குதீங்க? சுடுங்கன்னா.”

குழல் சட்டென்று மேலே எழும்பியது. வெடிச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. கருப்பு உருவம் செடிகளுக்குள் விழுந்தடித்து ஓடி மறைந்தது.

“தப்பிட்டு,” என்றார் மைதீன். அந்தச் சாரலிலும் அவருக்கு வேர்த்திருந்தது.

“ஆயிரத்தெண்ணூறு ரூவா. யானை நின்னாக்கூட இதுல விழாது போல. நாளைக்கே மாடக்கண்ணுவக் கூட்டியாந்திருதேன்.”

“அவன மட்டும் கூப்பிடாதீங்க அண்ணாச்சி. ஒங்க நட்டத்த நான் தாரேன்.”

“நீங்க எதுக்குத் தரணும்?”

பரமசிவனுக்குச் சந்தேகம் தட்டியது. விறுவிறுவென்று தோட்டத்துக்குள் நடந்தார்.

“நில்லுங்க, அங்கன போவாண்டாம்.”

அவர் நிற்கவில்லை.

பாதி தோண்டிய செடி சாய்ந்து கிடந்தது. ஈர மண்ணில் பன்றிக் குளம்பின் தடமே இல்லை. இருந்தது வெறுங்கால் தடம், சின்னப் பாதம். பக்கத்தில், மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியாக மடித்த சாக்கு ஒன்று, நனைந்து கருத்துக் கிடந்தது.

எடுத்து விரித்தார். சிவப்பு மையில் ‘மே. பரமசிவன்’ என்று எழுதியிருந்தது.

சந்தனமாரி வீட்டில் அவர் இறக்கிய அதே சாக்கு. சுடுங்க, சுடுங்க என்று சற்று முன் தான் சொன்னது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மைதீன் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டால் தூரக்கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்தார்.

“இந்தக் கண்ணாடிக்கு மட்டும் தனியா நானூறு ரூவா வாங்கிட்டான் அண்ணாச்சி. வீண் செலவுன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நெனச்சிட்டிருந்தேன்.”