பொன்னாடை

கே.கே. நகர் குடியிருப்போர் சங்கத் தலைவர் அழகுபாண்டி, பொன்னாடையும் போட்டோகிராபருமாகப் படியேறினார். சிறுநீரகம் மாற்றிக்கொண்ட கனகலட்சுமியை நலம் விசாரித்தால் சங்கத் தேர்தலில் தெருவே ஓட்டுப் போடும் என்பது அவர் கணக்கு.

வாசல் வெயிலில் மாஸ்க்கோடு நின்ற பெண் மறித்தாள். "உள்ள போகாதீங்கண்ணே, தொத்திக்கிரும்."

"தலைவரையே தடுக்கிறியா? போயி வேலையைப் பாரு தாயி!"

இருட்டறையில் இழுத்துப் போர்த்திப் படுத்திருந்த உருவத்துக்குப் பொன்னாடையைச் சாத்திக் கும்பிட்டார். கேமரா மின்னியது. போர்வைக்குள்ளிருந்து ஒரு மீசை எட்டிப் பார்த்து, அவர் முகத்திலேயே தும்மியது.

பதறி வெளியே ஓடிவந்தார்.

"அது என் வீட்டுக்காரரு. வைரஸ் காய்ச்சல்," என்றாள் வெயிலில் நின்றவள். "கிட்னி மாத்துனது எனக்கு. கிருமி லேசா தொத்தும்னுதான் இந்த மாஸ்க்கு. வைட்டமின் டி கம்மியா இருக்குன்னு டாக்டர்தான் காலை வெயில்ல கொஞ்ச நேரம் நிக்கச் சொன்னாரு. இப்ப நீங்களும் கிருமிதான். கேட்டுக்கு அந்தப் பக்கம் போயி நில்லுங்க, தலைவரே!"