யார் முடிவு?

மாமியார் பால் டம்ளரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆறிடப் போகுது" என்று சுவரிடம் சொன்னாள்.

மருமகள் கருவைக் கலைத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து இப்படித்தான். பால் வருகிறது, வெந்நீர் வருகிறது, மாத்திரை வருகிறது. பேச்சு மட்டும் கிடையாது.

மருமகள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். ரொட்டிக் கம்பெனியில் நின்றுகொண்டே பேக்கிங் செய்து அலுத்த உடம்பு. வீட்டுக்கு வந்தால் இரண்டு வாண்டுகள். புருஷன் லாரி எடுத்துக்கொண்டு கிளம்பினால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. மூன்றாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்த அன்று அவளுக்கு அழுகைகூட வரவில்லை. "என்னால முடியாது" என்றாள். அவ்வளவுதான்.

புருஷன், "உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டான்.

மாமியார்தான் ஒப்பவில்லை.

"வயித்துல வந்ததை அழிக்கிறது பாவம். நீ போறதுன்னா போ, நான் மறிக்க மாட்டேன். ஆனா என் வாயால சரின்னு வராது."

வரவும் இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நாத்தனார். கல்யாணமாகி எத்தனையோ வருஷம், இன்னும் குழந்தை இல்லை. அவள் ஏறி இறங்காத டாக்டர் படி இல்லை. தம்பிக்காரன் போனில் உளறியிருக்கிறான் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு? பெத்து என் கையில கொடுத்திருந்தா நான் வளர்த்திருக்க மாட்டேனா?"

மருமகளிடம் பதில் இருந்தது. பத்து மாசம் யார் சுமப்பது என்று கேட்டிருக்கலாம். எதிரே நிற்பவளின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்கத் தெம்பில்லை.

"அண்ணி..."

"அப்படிக் கூப்பிடாதே. இனிமே உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்."

சமையலறையிலிருந்து மாமியார் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். இவளும் தன் பங்குக்குச் சேர்ந்துகொள்ளட்டும் என்று மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவளை ஏன் பேசுற? கலைக்கச் சொன்னதே நான்தான்."

"என்னம்மா சொல்றே?"

"இன்னொண்ணைத் தூக்கி வளர்க்க எனக்குத் தெம்பு இல்ல. நான்தான் பிடிவாதமா நின்னேன். கேட்கறதை என்னைக் கேளு."

மகள் பெற்றவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

வீடு அடங்கியது. மருமகள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"என்ன அத்தை இது? கடைசி வரைக்கும் கலைக்க வேண்டாம்னு சொன்னது நீங்கதானே."

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். நீ செஞ்சதுல எனக்குச் சம்மதம் இல்ல."

"அப்புறம் ஏன் அவங்ககிட்ட அப்படிச் சொன்னீங்க?"

மாமியார் கட்டில் ஓரத்தில் தளர்ந்து உட்கார்ந்தாள்.

"என் மேல கோபம்னா, பெத்தவதானேன்னு என்னைக்காவது திரும்பி வந்துடுவா. உன் மேல கோபம்னா வரவே மாட்டா. எனக்கப்புறம் அவளுக்கு இந்த வீட்டுல நீதானே இருக்கே."