சிங்கப்பூர்க் கொக்கு

"மூஞ்சிய மட்டும் பெருசு பண்ணிடலாம்மா. கப்பலு, கொக்கு எல்லாம் எதுக்கு?" என்றார் ஸ்டுடியோ கங்காதரன்.

காஞ்சனா ஒப்புக்கொள்ளவில்லை. "முழுசா வேணும்ண்ணா. பின்னாடி துறைமுகம் இருக்கணும், கப்பல் இருக்கணும், அந்தக் கொக்குங்கள்ல ஒண்ணுகூட வுட்டுப்போவக் கூடாது. அம்மையார்குப்பம் சனம் மொத்தமும் பாக்கப்போற படம்."

அவள் நீட்டிய போட்டோவில் அவளுடைய புருஷன் மணவாளன் கோட்டும் டையுமாக நின்றுகொண்டிருந்தான். பின்னால் சிங்கப்பூர்த் துறைமுகம், புகை கக்கும் கப்பல், அதைக் கட்டிய வடக்கயிற்றின் மேல் வரிசையாக வெள்ளைக் கொக்குகள். கங்காதரன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல உற்றுப் பார்த்தார்.

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதன் நெகட்டிவ் அவருடைய மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. கோட்டு அவருடையது, டை அவருடையது, சிங்கப்பூரும் அவருடைய ஸ்டுடியோவின் பின்சுவரில் தொங்கும் திரைச்சீலைதான். அரக்கோணத்துக்குக் கிழக்கே போயே அறியாத போர்டு பெயிண்டர் எல்லப்பன் வரைந்தது. கடலில் என்ன பறவை பறக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. ஏரியில் மீன் பொறுக்கும் நம்மூர்க் கொக்குகளைக் கப்பல் கயிற்றில் உட்கார வைத்துவிட்டார்.

சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று மணவாளன் தறியை விட்டுக் கிளம்பி மூன்று வருஷம் ஆகிறது. போய்ச் சேர்ந்தது ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் புத்தூரில் இருக்கும் இன்னொருத்தி வீட்டுக்கு. வருஷத்துக்கு ஒருமுறை திருத்தணிக்கு வந்து இந்தக் கப்பல் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு போவான். படம் யாராவது சிநேகிதன் கையில் அம்மையார்குப்பம் போய்விடும். அடுத்தவன் குடும்ப விவகாரம் நமக்கெதற்கு என்று கங்காதரனும் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் இந்தப் படத்தைக் கையில் பிடித்தபடி அவள் படியேறியதைப் பார்த்ததுமே, மலைக்கோயில் வரைந்த இன்னொரு சீலையை இறக்கிக் கப்பலை மறைத்துவிட்டார்.

"மூணு வருஷத்துல மூணு படம் வந்துச்சுண்ணா," என்றாள் காஞ்சனா. "மூணுலயும் இந்த ஒத்தக்கால் கொக்கு அதே எடத்துல நின்னுகினு கீது. அவர்கூடப் பழகிப்போச்சு போல."

பச்சைப் பிள்ளையை ஏமாற்றுவதுபோல ஏமாற்றி வைத்திருக்கிறானே என்று கங்காதரன் நினைத்துக்கொண்டார். பேச்சை மாற்றினார்.

"இன்னா சைசுல போடட்டும்?"

"மால போட்டாலும் கப்பல் மறையாத சைசு."

"மாலயா?"

"தந்தி வந்துச்சுண்ணா. அவரு பூட்டாரு. புதங்கிழம காரியம்." அழுது தீர்த்துவிட்டாள் போலும், குரலில் ஈரமே இல்லை. "தறி ரெண்டையும் வித்துக் காசு அனுப்புன்னு போன மாசம்தான் சொல்லி வுட்டாரு. அந்தத் தறி ஓடுனாத்தான் புள்ளைங்களுக்குக் கஞ்சி. முடியாதுன்னுட்டேன். இப்ப நைனா எங்கன்னு அதுங்க கேக்குதுங்க."

கங்காதரனுக்கு ரத்தம் கொதித்தது. நான்கு நாளைக்கு முன்பு வாய் நிறைய வெற்றிலையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றவன் செத்துவிட்டானாம். தறி கைக்கு வரவில்லை என்றதும், செத்ததாகத் தந்தி கொடுத்து ஒரேயடியாகத் தலை முழுகிவிட்டான் பாவி. குத்துக்கல்லாக உயிரோடு இருப்பவனுக்காக ஊர் கூடி இவள் கழுத்துத் தாலியை இறக்கப்போகிறது. அந்தக் கூத்துக்கு மாலை போட்டு வைக்க என் ஸ்டுடியோ படமா? அவனைச் சும்மா விடக் கூடாது என்று பல்லைக் கடித்தார்.

எழுந்து போய் மலைக்கோயில் சீலையைச் சரசரவென்று மேலே சுருட்டினார். கப்பலும் கொக்கும் துறைமுகமும் பளிச்சென்று வெளியே வந்தன.

"இதாம்மா சிங்கப்பூர். உம் புருஷன் சாவல. புத்தூர்ல வேற ஒருத்தியோட கீறான். படம் புடிச்சுக் குடுத்தது நான்தான். என்னத் திட்டு, செருப்பால அடி, வாங்கிக்கிறேன். மொதல்ல போயி காரியத்த நிறுத்து. ஊர்ல நாலு பேரக் கூட்டிக்கினு வா, நானே வந்து ஆளக் காட்டறேன். தெருவுல இழுத்துப் போட்டு நாலு சாத்து சாத்தலாம்."

காஞ்சனா சீலைக்குப் பக்கத்தில் போனாள். ஒற்றைக்கால் கொக்கை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். மயங்கி விழுந்துவிடுவாளோ என்று பயந்து கங்காதரன் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டார்.

அவள் நிதானமாகத் திரும்பி வந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"படம் நாளைக்கு சாயந்தரம் கெடைக்குமாண்ணா?"

"நான் சொன்னது காதுல வுழலியா? ஆளு உசுரோட கீறான்மா."

"தெரியும்ண்ணா, தந்தி நான் கட்டுன கதை. அவருக்கும் ஒரு கருமாதிப் பத்திரிகை போட்டுட்டேன், புத்தூருக்கு."