மூன்றாவது குப்பி

“நான் பொறந்த அன்னைக்கு மழையா, வெயிலா?”

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். “ஞாபகம் இல்ல பாப்பா.”

அவள் அதையும் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். கொல்லைக் கதவு எப்படிக் கிறீச்சிடும், கோபம் வந்தால் அம்மா எந்தப் பாத்திரத்தை முதலில் உருட்டுவாள் என்பதையெல்லாம் அப்படியே ஒப்பிக்கிறான். தங்கை பிறந்த நாள் மட்டும் மறந்துவிட்டதாம். அப்போது அண்ணனுக்கு எட்டு வயது.

பதினான்கு வயதில் அப்பாவோடு சண்டை போட்டு ஓடிப்போனவன் அண்ணன். முப்பது வருடம் கழித்து, அப்பா அம்மா இருவரும் போன பிறகு, ஒருவன் பையும் கையுமாக வந்து “நான்தான்” என்றால் நம்பிவிட முடியுமா? கேட்டது மாடி அறை ஒன்றுதான். இன்றைக்கு அறை என்பான், நாளைக்கு வீடு என்பான். இந்த வீட்டுப் பெண் என்பதைத் தவிர அவளுக்கென்று வேறு என்ன இருக்கிறது?

ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலை, பல்லிலும் எலும்பிலும் இருக்கும் ஸ்ட்ரான்சியம் என்ற உலோகத்தை அளப்பது. எடையில் மட்டும் வேறுபடும் அதன் அணு வகைகளான ஐசோடோப்புகளில் எண்பத்தாறும் எண்பத்தேழும் கலந்திருக்கும் விகிதம் பாறைக்குப் பாறை மாறும். அந்தப் பாறையில் ஊறிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தையின் முதல் கடைவாய்ப் பல்லில், மூன்று வயதுக்குள் அது பதிந்துவிடும். பிறகு ஆயுசுக்கும் மாறாது. வாய் பொய் சொல்லும். வாயிலிருக்கும் பல்லால் முடியாது.

போன வாரம் அவனுக்கு அந்தப் பல்லைப் பிடுங்கியபோது கூடப் போனவள், அதைக் கேட்டு வாங்கி வந்து ஒரு குப்பியில் போட்டிருந்தாள். ஒப்பிட இந்த ஊர்ப் பல் ஒன்று வேண்டும். இரண்டு வருடம் முன்பு பிடுங்கி, பத்திரமாக வைத்திருந்த தன் முதல் கடைவாய்ப் பல்லை இன்னொரு குப்பியில் போட்டாள்.

வீட்டு மேசையில் பெயர்ச் சீட்டு ஒட்டி வைத்திருந்த குப்பிகளை அவன் பார்த்துவிட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள்.

“சந்தேகம்னா என் பல்லை என்ன வேணா பண்ணிக்கோ. உன் பல்லு எதுக்கு?”

“சின்ன வயசுல எந்த ஊர்த் தண்ணி குடிச்சோம்னு பல்லு சொல்லிடும். ஒப்பிட ஒண்ணு வேணும்ல?”

“உன்னோடது வேண்டாம் பாப்பா. விட்டுடேன்.” குரல் கெஞ்சியது.

ஒப்பிட ஒன்றும் இல்லாவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பார்க்கிறான். அவளுக்குள் ஒரு திருப்தி சில்லென்று பரவியது. அது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு எண்களும் கிட்டத்தில்கூட வரவில்லை. “ஆளு மாட்டிக்கிட்டான்,” என்றாள் பக்கத்து மேசைத் தோழியிடம்.

“கையோட உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியையும் போட்டுடுடி. அப்புறம் எவனும் வாயத் தொறக்க முடியாது.”

மறுநாள் மூன்றாவது குப்பியில் அதைக் கொண்டுவந்து போட்டாள். எண் வந்ததும், குப்பிகள் மாறிவிட்டனவோ என்று ஒட்டியிருந்த சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இயந்திரத்தைக் கழுவி மறுபடி ஓட்டினாள். அதே எண்.

சாயங்காலம் அவன் முன்னால் தாளை வைத்தாள். அவன் பல்லும் கிணற்றுத் தண்ணீரும் ஒரே எண். தனியாக நின்றது அவளுடைய பல்.

அவன் தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தான்.

“சொல்லுங்கண்ணா.” அவன் வந்ததிலிருந்து ஒருமுறைகூட அவள் வாயில் வராத சொல் அது. “நான் பொறந்த அன்னைக்கு மழையா, வெயிலா?”

“அது யாருக்கும் தெரியாது பாப்பா. நீ நம்ம வீட்டுக்கு வந்த அன்னைக்கு நல்ல மழை. உனக்கு அப்போ நாலு வயசு.”