ஆஸ்தா இடைவேளை

“எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. ஆஸ்தா இந்த வகுப்புல இருக்கிற வரைக்கும் என் பையன் படிக்க முடியாது.”

சொல்லிவிட்டு ரிக்கே காப்பிக் குவளையை மேசையில் வைத்தாள். நாலு பேர் முன்னால் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

இரண்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே யுட்லாந்து வட்டாரத்தின் நவம்பர் மழை.

நடு மேசையில் ஒரு தட்டு நிறைய லவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி. இந்தக் கூட்டத்துக்குப் பலகாரம் கொண்டுவரும் முறை மாலேனேவுக்கு. ஆஸ்தாவின் அம்மா அவள்தான்.

“ரிக்கே சொல்றது சரிதான்,” என்றான் யென்ஸ், வாய் நிறைய ரொட்டியோடு. “ஆஸ்தா கத்த ஆரம்பிச்சா பாடத்தை நிறுத்திட்டு எல்லாப் பிள்ளைங்களும் மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு முற்றத்துக்கு ஓடணும். என் மக அதுக்குப் பேரே வெச்சிட்டா, ‘ஆஸ்தா இடைவேளை’யாம். வீட்டுல பாத்திரம் கழுவச் சொன்னாக்கூட, ‘அப்பா, ஆஸ்தா இடைவேளை’ன்னு ஓடிடுறா!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மாலேனேயும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஆசிரியை லிஸ்பெட் சிரிக்கவில்லை. “ஆஸ்தாவுக்குப் பேச்சு வராது. ஆனா காரணமில்லாம கத்துற பொண்ணு இல்ல. கணக்குப் பாடத்துல கத்துறதில்ல. பாட்டு நேரத்துல கத்துறதில்ல. ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்றப்போ மட்டும்தான். ஏன்னு எனக்கு இன்னும் பிடிபடல. ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துக்குங்க.”

“எல்லாரும் வாசிக்கும்போது எங்க கத்துறா? என் பையன் வாசிக்கும்போது மட்டும்தான்!” ரிக்கேயின் குரல் உயர்ந்தது. “பக்கத்துலதான உக்காந்திருக்கா? எஸ்கில் முறை வந்து, அவன் புத்தகத்தைக் கையில எடுத்தா போதும், ஆரம்பிச்சிடுறா. அவன் மேல அப்படி என்ன ஆத்திரமோ.”

“அது நிஜம்தான்,” என்றாள் லிஸ்பெட் தயங்கி. “கோடை விடுமுறைக்கு அப்புறம்தான் நான் இந்த வகுப்புக்கு வந்தேன். எஸ்கில் ஒரு வரிகூட முழுசா வாசிச்சு நான் கேட்டதில்ல.”

“கேட்டுக்குங்க! இதைத்தான் நானும் சொல்றேன். வீட்டுல எவ்வளவு அழகா வாசிக்கிறான் தெரியுமா? நான் ஒரு தடவை வாசிச்சுக் காட்டுவேன். அப்புறம் ஒரு வார்த்தை பிசகாம அவன் வாசிப்பான். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுறான். எல்லாம் இவ கத்துறாளேங்கிற பயம்.”

ஒரு கை நீண்டு இன்னொரு சுருளை எடுத்தது.

“ரொட்டி பிரமாதம் மாலேனே,” என்றாள் ஒருத்தி, பேச்சை மாற்றுவதற்காக. “எப்படிச் செஞ்ச?”

“ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாப் போடணும்,” என்றாள் மாலேனே. பிறகு அதே குரலில், “சிறப்புப் பள்ளியில இடம் இருக்குன்னு நகராட்சியில அப்பவே சொன்னாங்க. நான்தான் பிடி கொடுக்காம இழுத்துக்கிட்டு இருந்தேன். இந்த வருஷம்தான் காலையில அவளே பூட்ஸை எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறா. இங்க யாரோ சிநேகிதம் ஆயிட்டாங்கன்னு நினைச்சேன். எனக்கு அப்படித் தோணுச்சு, அவ்வளவுதான். சரின்னு சொல்லிடுறேன்.”

“அவசரப்படாதீங்க மாலேனே,” என்றாள் லிஸ்பெட்.

மாலேனே காலித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ரிக்கே அவளுக்குக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். “உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல மாலேனே. நானும் ஒரு அம்மா, அதான்...”

“தெரியும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு மாலேனே மழையில் இறங்கினாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். இன்னும் விடியவில்லை. ரிக்கேயும் எஸ்கிலும் ஆளுக்கொரு சைக்கிளில் விளக்கைப் போட்டுக்கொண்டு போனார்கள். மாலேனே வீட்டு வாசலில் டாக்சி ஒன்று நின்றது. பின் சீட்டில் ஆஸ்தா.

எஸ்கில் சட்டென்று பிரேக் பிடித்தான். “அம்மா, ஆஸ்தா ஏன் டாக்சியில உக்காந்திருக்கா?”

“வேற பள்ளிக்கூடத்துக்குப் போறா செல்லம். அவளுக்குத் தோதான பள்ளிக்கூடம்.”

“நாளைக்கு வருவாளா?”

“உங்க வகுப்புக்கு இனிமே வரமாட்டா.” ரிக்கே குனிந்து அவன் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்தாள். “இனி நீ நிம்மதியா வாசிக்கலாம். வகுப்பே கேக்கப்போகுது பாரு.”

டாக்சி கிளம்பியது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி ஆஸ்தா அவனையே பார்த்துக்கொண்டு போனாள். கத்தவில்லை.

எஸ்கில் சைக்கிளை அப்படியே கீழே போட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தான்.

“என்னடா? அவதான் போயிட்டாளே, இன்னும் என்ன பயம்?”

“எனக்கு வாசிக்கவே வராதும்மா. எழுத்தெல்லாம் மாறி மாறி ஓடுது. நீ வாசிக்கிறதைக் கேட்டு மனப்பாடமாத்தான் சொல்வேன்.” அழுகையில் அவனுக்கு மூச்சு முட்டியது. “அது ஆஸ்தாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் என் முறை வந்தப்போ பயத்துல அழுதுட்டேன். அவ என்னைப் பாத்தா. அன்னைக்குத்தான் முதல்ல கத்துனா.”

ரிக்கே தன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இனிமே என் முறை வந்தா யாரும்மா கத்துவாங்க?”