கான்கிரீட் மசக்கை

இடிந்த கட்டடங்களை நொறுக்கிச் சாலைக்கு ஜல்லியாக்கும் யார்டில், மேற்பார்வையாளரின் மெல்லுகிற வாய்க்கு அன்று அவல் கிடைத்துவிட்டது.

காலையில் அனுமதி கேட்டு உள்ளே வந்த பெண் ஒருத்தி, கான்கிரீட் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலதை வீசினாள். சிலதைப் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

"என்னம்மா, மசக்கையா? சாம்பல் தின்னவங்களைப் பாத்திருக்கேன். கான்கிரீட் தின்னுறதை இப்பதான் பாக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் மெஷினைப் போடாதீங்கண்ணே."

"நல்லா இருக்கே! இந்த மாடிவீட்டுக் குவியலை உடனே நொறுக்கணும்னு, கட்டின முதலாளியே விடாம போன் போடுறார். ஆமா, உன்னை இப்படி அலையவிட்டுட்டு வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"கொத்தனார்ண்ணே. இதைக் கட்டினவர்தான். இடிஞ்சு விழுந்தப்ப உள்ளதான் இருந்தார்."

மேற்பார்வையாளர் அவளுடைய பையை எட்டிப் பார்த்தார்.

"அவர் போட்ட கலவை சரியில்லைன்னு, செத்தவர் தலையில பழியைப் போட்டுட்டாங்க. 'கடல் மணல் வேண்டாம், உப்பு கம்பியை அரிச்சிடும்'னு முதலாளிகிட்ட எவ்வளவோ மன்றாடினாருண்ணே. நாளைக்கு விசாரணை. அதான், உப்புக் கரிக்கிற துண்டாப் பொறுக்குறேன்."

யார்டின் அந்தக் கோடியில் மெஷின் உறும ஆரம்பித்தது. மேற்பார்வையாளர் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். தயங்கி, நாக்கில் வைத்தார்.

"நிறுத்துங்கடா மெஷினை!" என்று கத்தினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பை எந்த மூலைக்கும்மா? லாரியிலயே ஏத்திடலாம்."