ஒரே ஒயரில் இரண்டு சம்பந்திகள்

ஒரு ஜெராக்ஸ் கடையில் குட்டையன் என்றொரு பென்டிரைவ் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் பெரிசுக்கும் புது லேப்டாப்புக்கும் நடுவே ஃபைல் சுமந்து சுமந்து அதன் வாய் கோணிப்போயிருந்தது. அவை இரண்டுக்கும் இயங்குதளம் வேறு. ஒன்றின் வீட்டு வழக்கம் மற்றதற்கு ஆகாது.

அன்று கடைக்காரி செண்பகவல்லி ஒரே ஒயரில் இரண்டையும் இணைத்து, சம்பந்தம் பேசி முடித்தாள். லேப்டாப்பில் இருந்த கல்யாணப் பத்திரிகை, பிரிண்டர் வைத்திருந்த பெரிசுக்கு இனி ஒயரிலேயே போய்விடும். “அப்பாடா, எனக்கு ஓய்வு!” என்று குட்டையன் டப்பாவுக்குள் படுத்துக்கொண்டது.

“சம்பந்தி, பத்திரிகை எங்க?” என்றது பெரிசு.

“பொது ஃபோல்டர்ல இருக்கு. பேரும் பாஸ்வேர்டும் சொல்லிட்டு எடுத்துக்குங்க,” என்றது லேப்டாப்.

“என்னையே யாருன்னு கேக்குறீங்களா? நீங்க கொண்டாந்து என் வாசல்ல வைங்க.”

“உங்க வாசல்தான் பூட்டியிருக்கே!”

“முறையா கூப்பிட்டா திறப்போம்.”

மதியமாகிவிட்டது. பத்திரிகைக்கு வந்த பெண் வீட்டார் பல்லைக் கடித்தார்கள். செண்பகவல்லி டப்பாவைத் திறந்தாள். மூலையில் ஒண்டியும் குட்டையன் தப்பவில்லை. லேப்டாப்பில் ஏறி, பெரிசில் இறங்கியது. பத்திரிகை அச்சாகி வந்தது.

“பாத்தியா குட்டையா,” என்றது பெரிசு, “ஒரே ஒயர்ல ஒத்துமையா இருந்தா வேலை எவ்வளவு சுளுவா முடியுது!”

“அதானே சம்பந்தி!” என்று குழைந்தது லேப்டாப்.

குட்டையன் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கும். அதன் வாய்தான் இன்னும் பெரிசின் இடுப்பில் செருகிக் கிடந்ததே!